வேற தோட்டக்காரி வேணுங்க

வாங்க தம்பி, வாங்க. இப்படி நெழலுக்கு வந்துருங்க. ஏஜென்சில இருந்து சூப்பர்வைசர் வருவாருன்னு வெடியாலயே வாட்ச்மேன்கிட்டச் சொல்லி வெச்சிருந்தேன். நாந்தானுங்க நாச்சிமுத்து. இந்த அபார்ட்மெண்ட்ல தோட்டத்துக்குப் பொறுப்பு. தோட்டக்காரியை மாத்திக் குடுங்கன்னு உங்க ஆபீசுக்குப் போன் பண்ணுனதும் நாந்தான். உக்காருங்க, காபி வந்துட்டிருக்குது.

சமாச்சாரம் சின்னதுங்க. மாராத்தாள வேற எங்கியாச்சும் போட்டுருங்க. வேலைய உட்டு எடுங்கன்னு நான் சொல்லலை. உங்களுக்கு ஊரெல்லாம் தோட்டம் இருக்குமில்லீங்க? காலேஜு, ஆஸ்பத்திரின்னு. அங்க எங்கியாவது கொஞ்சம் தூரமாப் போட்டுட்டு, எங்களுக்கு வேற ஒரு ஆளை அனுப்புங்க. நான் கேட்டேன்னு மட்டும் அவளுக்குத் தெரியப்படாது.

வேற எடமே காலியில்லீங்களா? அப்ப இங்கிருந்து எடுத்தா வேலையவிட்டு நின்னுதான் போகோணும்ங்கறீங்க. அடடா. அவளுக்கு இந்தச் சம்பளத்தை உட்டா வேற வழியில்லீங்க. புருசன் போயி ஏழு வருசமாச்சு. சரி, அதுக்கு நாம என்ன பண்றது சொல்லுங்க. எல்லாத்தையும் நாமளே தலைமேல தூக்கி வெச்சுக்க முடியுங்களா?

இருங்க. ஒரு சத்தம் கேக்குதில்லீங்க? தண்ணி ஓடற சத்தம். சித்தே இருங்க, போயி அடைச்சுட்டு வந்தர்றேன்.

ம். வந்துட்டேன். இன்னைக்கு இது மூணாவது தடவை. அவ அந்தக் கடேசி பிளாக்குல கூட்டிட்டிருக்கறா, அதனால கொஞ்சம் மெதுவாப் பேசலாங்க.

கோளாறு என்னன்னு கேக்கறீங்க. சொல்றேன். ஆனா அதுக்கு மொதல்ல இந்தத் தோட்டத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியோணும். நான் முப்பத்தி நாலு வருசம் ஸ்பின்னிங் மில்லுல இருந்தவனுங்க. நூல் அறாம ஓடோணும்னா காத்துல ஈரம் இருக்கோணும். அந்த ஈரம் உடற பிளாண்டைத்தான் பாத்துட்டிருந்தேன். காத்துல எத்தனை ஈரம் இருக்குதுன்னு மூக்கை வெச்சே சொல்லிப்போடுவேன். என்ற சம்சாரம் கேலி பண்ணுவா, நீங்க தண்ணிக்குத் தாலி கட்டியிருக்கோணும்னு. ஒரு குழாய் சொட்டுனா எந்திரிச்சுப் போயி அடைக்காம எனக்கு இருப்புக் கொள்ளாது. அது பொறவிக் குணம், மாத்த முடியாது.

இந்தப் பங்குனியில எங்க ரெண்டு போரும் காத்தடிச்சுருச்சு. சொட்டுத் தண்ணி இல்லை. லாரித் தண்ணி வந்தாத்தான் குளியல். அப்ப இங்க பூராவும் புல்லுத் தரைங்க. பச்சைப் பசேல்னு கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கும். நாளு முழுக்கத் தண்ணி குடிக்கும், ஒரு பூ பூக்காது, ஒரு காய் காய்க்காது. மீட்டிங்குல பாதிப் பேரு தோட்டத்துக்குத் தண்ணியே கெடையாதுன்னாங்க. மீதிப் பேரு தோட்டம் காஞ்சா இது அபார்ட்மெண்டா இல்லை சுடுகாடான்னாங்க. நான் எந்திரிச்சுச் சொன்னேன், எங்கிட்டக் குடுங்க, செடியும் சாகாது, தண்ணியும் போகாதுன்னு. கை தட்டுனாங்க. அன்னைக்கே பொறுப்பு என்ற கைக்கு வந்துருச்சு.

மொதல்ல புல்லைப் பேர்த்தேன். அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, கத்தாழைன்னு வறட்சி தாங்கறதா வெச்சேன். வேருக்கு மேல காஞ்ச எலையும் தேங்காநார்க் கழிவும் நாலு விரக்கடை மொத்தத்துக்குப் போட்டு மூடுனேன். வெயிலு மண்ணைப் பாக்கவே கூடாதுங்க. பாத்துச்சுன்னா உறிஞ்சிரும். மூடாக்குப் போடற யோசனையை மாராத்தாதான் சொன்னா, ஆனா எத்தனை மொத்தம்னு கணக்குச் சொன்னது நானு. அப்பறம் மண்ணுல ரெண்டு கணு ஆழத்துக்கு விரலை உட்டுப் பாக்கோணும். ஈரம் தட்டுனா அன்னைக்குத் தண்ணி வேண்டாம். இதை நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தப்பச் சிரிச்சுட்டா. எங்கப்பன் கத்திரிச் செடிக்கு இப்படித்தானுங்க சார் விரலு வெச்சுப் பாப்பாருன்னா. சரி, ஏதோ அவளுக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

வெயில் ஏறுனப்பறம் தண்ணி உட்டா பாதி ஆவியாப் போயிரும். அதனால வெடியால அஞ்சு மணிக்கே பாய்ச்சி முடிக்கோணும்னேன். அந்நேரத்துக்கு அவ ஊர்ல இருந்து பஸ் கெடையாது. அஞ்சு கிலோமீட்டர், நடந்து வந்துருவா. நடக்கறது உடம்புக்கு நல்லதுதானுங்க, நாங்களே இங்க வட்டம் போட்டு நடக்கறமே.

அப்பறம் குழாய். தோட்டத்துல ஆறு குழாய் இருந்துச்சு. டிரைவர், வாட்ச்மேன், கூட்டற பொம்பளைகன்னு எல்லாரும் அதுலதான் மூஞ்சி கழுவறது, தண்ணி குடிக்கறது, பாட்டில்ல புடிக்கறது. ஒரு சொம்பு குடிக்க ரெண்டு சொம்பைக் கீழ ஊத்துவாங்க. அஞ்சு குழாயோட தலையைக் கழட்டிப்போட்டேன். ஒண்ணே ஒண்ணு, அந்த அரளி வரிசைக்குப் பக்கத்துல, அதை மட்டும் உட்டு வெச்சேன். குடிக்கறதுக்கு வேணும்னா லாபில கேனு இருக்குது. ஆனா வேலைக்காரங்க லாபிக்குள்ள வந்து தண்ணி புடிக்கப்படாதுன்னு ஒரு ரூல் இருக்குதுங்க. அதுவும் நான் போட்டதுதான். கீழயெல்லாம் சிந்தி, வழுக்கி உழுகறாங்கன்னு கம்ப்ளைண்ட் வந்துச்சு.

வைகாசியிலதான் பெரிய வேலை பண்ணுனேன். எங்களுக்குக் கழிவுநீர்த் தொட்டி இருக்குதுங்க, கார் நிறுத்தற எடத்துக்குக் கீழ. குளிக்கறது, தொவைக்கறது, கக்கூசுன்னு எல்லாத் தண்ணியும் ஒட்டுக்கா அங்க போயி, வடிகட்டி, மருந்து போட்டு வரும். அதுவரைக்கும் சும்மா ஓடைக்குப் போயிட்டிருந்துச்சு. அதைத் தோட்டத்து லைனுக்குத் திருப்பி உட்டேன். நல்ல தண்ணி ஒரு சொட்டு செடிக்குப் போறதில்லை. வெளிய வர்றப்ப பாத்தீங்கன்னா கண்ணாடி கணக்கா இருக்கும். நாத்தம் கெடையாது. நானே அசந்துட்டேன்.

எல்லாருக்கும் சொன்னனுங்களா? சொல்லாம இருப்பனா? நம்ம வாட்சப் குரூப்புல அன்னைக்கே போட்டேன். "தோட்டத்துக் குழாயில் இனி சுத்திகரித்த கழிவுநீர் வரும், குடிக்கவோ குழந்தைகள் விளையாடவோ கூடாது"ன்னு. நூத்தி எம்பது பேரு கட்டை விரலைத் தூக்கிக் காட்டுனாங்க. குழாய்க்குப் பக்கத்துல போர்டும் வெச்சேன். அந்தா தெரியுது பாருங்க, பச்சைப் போர்டு. இங்கிலீசுலதான். தமிழ்லயும் எழுதலாம்னு நான் சொன்னேன். அத்தனை எழுத்து வந்தா பாக்க நல்லாருக்காதுன்னு கமிட்டில சொன்னாங்க, நானும் உட்டுட்டேன்.

மாராத்தாளுக்கா? அவ குரூப்புல இல்லீங்களே. தோட்டத்துல வேலை செய்யறவளைப் போயி குரூப்புல எப்படிங்க சேப்பாங்க? ஆனா லைனைத் திருப்பி உட்ட அன்னைக்கு அவ இங்கதான் இருந்தா. குழி தோண்டுனது, பைப்பு எறக்குனது எல்லாம் பாத்துட்டுத்தான் இருந்தா. பாத்தவளுக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சிருக்கும்னுதான் நான் நெனைச்சேன். எல்லாருக்கும் தெரிஞ்சது அவளுக்கு மட்டும் தெரியாம இருக்கும்னு யாருக்குத் தோணும்?

காபி குடிங்க, ஆறுது.

ஆனி மாசத்துல அவ மக கோகிலா தாய்வீட்டுக்கு வந்தா. தாராபுரம் பக்கம் கட்டிக் குடுத்திருந்தா. தலைப்பிரசவம். நம்ம பக்கத்துல ஏழாம் மாசம் கட்டுச்சோறு கட்டிட்டுப் போயி புள்ளையக் கூட்டிட்டு வர்ற வழக்கம் தெரியுமில்லீங்க உங்களுக்கு? மாராத்தாளும் ஏழு வகைச் சோறு கட்டி, ஒரு வேனு புடிச்சு, சொந்தக்காரங்களையெல்லாம் ஏத்திட்டுப் போயிக் கூட்டிட்டு வந்தா. எனக்கும் ஒரு டப்பால தக்காளிச் சோறு கொண்டாந்து குடுத்தா. நான் சாப்ட்டனுங்க. அவங்க வீட்டுச் சோறுன்னு வித்தியாசமெல்லாம் நான் பாக்கறதில்லை. என்னை சார்னு கூப்பிடாத, அண்ணான்னு கூப்பிடு மாராத்தான்னே சொல்லியிருக்கேன். அவதான் கூப்பிடலை.

அந்த வாரம்தான் வந்து கேட்டா. கையைக் கட்டிட்டு நிக்கறா. "சார், எங்கூருக்குப் பன்னெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வருதுங்க. புள்ள வேற வந்திருக்கறா. போறப்ப இந்தக் குழாய்ல ஒரு கேன் புடிச்சுட்டுப் போகட்டுங்களா?"

நான் யோசிச்சேன். ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். ஆனா பாவம், வயித்துப் புள்ளைக்காரி வீட்டுல இருக்கறா. சரி, தினம் ஒரு அஞ்சு லிட்டர் கேன், அதுக்கு மேல வேண்டாம்னு சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டா. அன்னைக்கு முழுக்க எனக்கு மனசு நெறைஞ்சு இருந்துச்சு, உண்மையச் சொல்றேன்.

குடிக்கறதுக்குன்னு அவ சொல்லலை. நீங்களே கேட்டீங்கல்ல, அவ சொன்னதை அப்படியே சொல்லியிருக்கேன். குடிக்கறதுக்குன்னு ஒரு வார்த்தை வரலை. பாத்திரம் கழுவறதுக்கோ, துணி அலசறதுக்கோன்னு நான் நெனைச்சுக்கிட்டேன். தண்ணின்னா குடிக்கறதுக்கு மட்டுந்தானுங்களா?

ஆடி வந்துச்சு. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. செடிக்கு வெயிலை விட அந்தக் காத்துதான் எமன். மேக்க மலைக் கணவாய்ல இருந்து வர்ற காத்து எலையில இருக்கற ஈரத்தை உருவிட்டுப் போயிரும். சுத்துவட்டாரத்துல எல்லா அபார்ட்மெண்ட்லயும் தோட்டம் கருவாடாக் காஞ்சு கெடந்துச்சு. இங்க மட்டும் அரளி கொத்துக் கொத்தாப் பூத்து நிக்குது. பாக்க ஆளுக வந்தாங்க. போட்டோ புடிச்சாங்க. எப்படி சார்னு கேட்டாங்க. நான் ஒவ்வொரு செடியா நிறுத்தி நிறுத்திச் சொல்லுவேன். அப்ப ஒரு சின்னத் தொந்தரவு இருந்துச்சு, செம்பருத்தி எலை ஓரமெல்லாம் கருகுச்சு. பாத்தா அந்தத் தண்ணில கிருமி சாகப் போடற குளோரின் மருந்து எச்சு. பிளாண்டுக்காரனைக் கூப்பிட்டு மருந்தைப் பாதியாக் கொறைக்கச் சொன்னேன். ஒரே வாரத்துல தளதளன்னு வந்துருச்சு. அனுபவம்னா இதுதானுங்க.

மாராத்தாளும் அப்ப நல்லாப் பேசுவா. எந்நேரமும் மக பேச்சுத்தான். மக மாங்கா கேட்டா, மக தூங்கறதேயில்லை, வயித்துல காலை வெச்சு ஒதைக்குதாம்னு. நான் செடியப் பாத்துட்டே ம், ம்னுட்டு இருப்பேன். ஒரு நாள் சொன்னா, "சார், எங்கூர்த் தண்ணி உப்புங்க. எம்புள்ள இந்தத் தண்ணியத்தான் குடிப்பேங்கறா. இனிக்குதுங்கறா"ன்னு.

அதைக் கேட்டேன். கேக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அப்ப சொட்டு நீர்க் குழாய்ல மண்ணு அடைச்சுக்கிச்சு, ஒவ்வொரு ஓட்டையா ஊசி வெச்சுக் குத்திட்டு இருந்தேன். கவனம் பூராவும் அதுல. காதுல உழுந்துச்சு, மண்டைல ஏறலை. ஏறியிருந்தா சொல்லியிருக்க மாட்டனா? நான் என்ன ராட்சசனுங்களா?

ஆவணி மொதல் வாரம் அவ வேலைக்கு வரலை. கூட்டற ராசம்மா அவ ஊரு, அவதான் வந்து சொன்னா. கோகிலாவுக்கு மஞ்சக் காமாலையாம். கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துப் பாத்திருக்காங்க. நாலு நாளு கழிச்சு நெனவு தப்புனப்பறம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. வயித்துப் புள்ளைக்காரிக்குக் காமாலை வந்தா ஈரலைத் தின்னுரும்னு டாக்டர் திட்டுனாராம். ரெண்டு நாளு. அவ்வளவுதான். புள்ளை வயித்துக்குள்ளயே செத்துப்போச்சு, பொறவு அவளும். இருவத்திரண்டு வயசுங்க.

சொன்னா நம்ப மாட்டீங்க, அன்னைக்கு நான் சாப்பிடலை.

காமாலை எங்கதான் இல்லை? மழைக்காலத்துக்கு முன்னாடி ஊரெல்லாம் வர்றதுதான். காக்கா உக்கார பனம்பழம் உழுந்த கதை. அதே தண்ணிய மாராத்தா குடிக்கலியா? அவளுக்கு ஒண்ணும் ஆகலியே. ராசம்மா குடிச்சா, அவளுக்கும் ஒண்ணும் ஆகலை. அப்பத் தண்ணியில கோளாறுன்னு எதை வெச்சுச் சொல்றது? என்ற சம்சாரத்துக்கிட்டக்கூட இதைத்தான் சொன்னேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா.

பதினாறு முடிஞ்சப்பறம் துக்கம் கேக்கப் போனேன். அதுக்கு முன்னாடியே போயிருக்கோணும். இங்க செடிகளைப் பாக்க ஆளில்லாம நானே பைப்பைப் புடிச்சுட்டு நின்னேன், போக முடியலை. ஆப்பிள் ஒரு கிலோ வாங்கிட்டுப் போனேன். அப்படியே எப்ப வேலைக்கு வருவேன்னும் கேக்கலாம்னு. ரெண்டே ரூமுங்க வீடு. பிளாஸ்டிக் சேரை முந்தானைல தொடைச்சுப் போட்டா. நான் உக்காந்தேன். அவ ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து நீட்டுனா.

நம்ம பக்கத்துல வீட்டுக்கு வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணிதானுங்க குடுப்பாங்க. அது மரியாதை. நான் வாங்கிட்டேன். வாங்குனப்பறந்தான் அடுப்புக்குப் பக்கத்துல பாத்தேன், நம்ம கேனு. அவ வேலைக்கு வராத நாள்லயும் ராசம்மா புடிச்சுட்டுப் போயிக் குடுத்துட்டு இருந்திருக்கறா. நான் சொம்பைக் கையிலயே வெச்சுட்டு இருந்தேன். ஆறுதல் சொன்னேன். விதின்னு சொன்னேன். சாமி இருக்குதுன்னு சொன்னேன். அவ என் கையவே பாத்துட்டு நிக்கறா.

பொறவு மெதுவாக் கேட்டா, "எங்கூட்டுத் தண்ணி ஆகாதுங்களா?"

எனக்கு சுருக்குன்னு தெச்சுருச்சுங்க. ஏன்னா, என்னைப் பாத்து அந்தக் கேள்வியக் கேக்கலாமா? அவ வீட்டுச் சோத்தைத் தின்னவன் நானு. சாதி பாத்துத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கறான்னு அவ நெனைக்கறாளேன்னு எனக்குத் தாங்கலை. அங்க நாலஞ்சு சனம் வேற இருந்துச்சு, எல்லாரும் அவங்க ஆளுக. வெளிய என்ன பேசுவாங்க? அதான் சட்டுனு சொல்லிப்போட்டேன். "சே, சே. அதெல்லாம் பாக்கறவன் நான் இல்லை மாராத்தா. உன்ற வீட்டுத் தண்ணிங்கறதுக்காக இல்லை. இது நம்ம தோட்டத்துத் தண்ணி. கக்கூசுத் தண்ணியச் சுத்தம் பண்ணி வர்றது. யாரு வீட்டுல குடுத்தாலும் நான் குடிக்க மாட்டேன்."

சொல்லிட்டுத்தான் அவ மூஞ்சியப் பாத்தேன்.

அழுவான்னு நெனைச்சேன். மண்ணை வாரித் தூத்துவான்னு நெனைச்சேன். ஒண்ணும் பண்ணலை. என் கையில இருந்து சொம்பை வாங்குனா. "எப்பருந்துங்க?"ன்னு கேட்டா. வைகாசியில இருந்துன்னு சொன்னேன். சுவத்துல சாஞ்சு நின்னுட்டு, கட்டை விரலை வெச்சு ஒவ்வொரு விரலா எண்ணுனா. வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. நாலு விரலு. அப்படியே அந்தக் கையப் பாத்துட்டு நின்னா. நான் எந்திரிச்சு வந்துட்டேன். வேற என்ன பண்றது? அங்க உக்காந்திருக்க முடியலீங்க.

அடுத்த நாளே ராசம்மாளையும் மத்தவங்களையும் கூப்பிட்டு, இனிமே யாரும் அந்தக் குழாய்ல புடிக்கப்படாதுன்னு கண்டிசனாச் சொல்லிப்போட்டேன். காரணம் சொல்லலை. சொன்னாப் பேச்சு வளரும். ஊர் வாயை மூட முடியுங்களா?

திங்கக்கெழமை வெடியால அஞ்சு மணிக்கு மாராத்தா வேலைக்கு வந்துட்டா. அதைப் பாத்தப்ப எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. மனசுல ஒண்ணும் வெச்சுக்கலைன்னுதானே அர்த்தம்? வெச்சிருந்தா வருவாளா? யாருகிட்டயும் சொல்லவும் இல்லை. ராசம்மாகிட்டக்கூடச் சொல்லலை. அன்னைக்கு அந்த வீட்டுல இருந்தது அவ அண்ணனும் கெழவிகளும். அவங்களுக்கு நான் சொன்னது என்ன புரிஞ்சுதோ, அவங்களும் வாய் தொறக்கலை. நான் அவளைக் கூப்பிட்டு, ஏதாவது வேணும்னா கேளு, பாட்டில்ல தண்ணி வேணும்னா என்ற வீட்டுலயே வந்து புடிச்சுக்கன்னு சொன்னேன். அவ வரலை. இப்ப என்னை சார்னும் கூப்பிடறதில்லை. எப்படியும் கூப்பிடறதில்லை.

அன்னைக்கே ஆரம்பிச்சதுதானுங்க இந்தக் குழாய்.

பைப்பைக் கொண்டுபோயி அரளிக்கு அடியில போட்டுத் தொறந்து உட்டுட்டுப் போயிருவா. பாத்தி ரொம்பி, நடைபாதைல ஏறி, ரோட்டுக்கு ஓடும். மறந்துட்டாளாக்கும்னு நான் போயி அடைச்சேன். அரை மணி நேரம் கழிச்சுப் பாத்தா மறுபடியும் தொறந்து கெடக்குது. நான் அடைக்கறேன், அவ தொறக்கறா. நான் நின்னு பாத்துட்டு இருக்கறப்பவே வந்து தொறக்கறா. ஒரு நாள் தாங்க முடியாம, "மாராத்தா, தண்ணி போகுது பாரு"ன்னேன்.

"போகட்டுங்க"ன்னா.

அவ்வளவுதான். கோவமாச் சொல்லலை. சாதாரணமா, சோறு ஆச்சான்னு கேட்டா ஆச்சுங்கற மாதிரி சொல்லிட்டு வெளக்கமாத்தை எடுத்துட்டுப் போயிட்டா.

ஐப்பசியில நல்ல மழைங்க. மழை பெய்யறப்ப செடிக்குச் சொட்டுத் தண்ணி உடப்படாது. மண்ணு மூச்சு உடோணும். இவ கொட்டற மழையில சாக்கைத் தலைல போட்டுட்டு வந்து குழாயைத் தொறந்து உட்டுட்டு நிக்கறா. தொட்டி காலியாகற வரைக்கும் நிக்கறா. தொட்டி காலியாச்சுன்னா மறுபடியும் ரொம்பும், நாங்க முந்நூறு பேரு குளிச்சுட்டும் கழுவிட்டும்தானே இருக்கறோம். அவளுக்கு அது தெரியாம இருக்குமா? ஆனா ரொம்பறப்பவெல்லாம் தொறந்து உடறா. அரளிக்கெல்லாம் வேர் அழுகிப்போச்சு. வெயிலுக்குக் காப்பாத்துனேன், காத்துக்குக் காப்பாத்துனேன். தண்ணில கொல்றா தம்பி. பாருங்க, அந்த வரிசையில ஒரு எலை இருக்குதா? ஏழெட்டு மாசத்து உழைப்பு.

கண்டிச்சுச் சொல்ல வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க. சொல்லலாம். வாய் வர மாட்டேங்குது. பக்கத்துல போறேன், அவ நிமிந்து பாக்கறா, நான் திரும்பி வந்தர்றேன். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க, எனக்கு அந்த மாதிரியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. தூக்கந்தான் வர்றதில்லை. வெடியால நாலரைக்கே முழிப்பு வந்துருது. பால்கனில நின்னு பாக்கறேன், கேட்டுல இருந்து நடந்து வர்றா. நேரா அந்தக் குழாய்க்குத்தான் போறா. அவ எம்மேல கத்துனா நான் பதில் சொல்லுவேன். போலீசுக்குப் போனாக்கூட என்கிட்ட ஆதாரம் இருக்குது, குரூப்புல போட்டது தேதியோட இருக்குது, போர்டு இருக்குது. இவ ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறா. கேக்காதவளுக்கு என்னன்னு பதில் சொல்றது?

பயமாத்தானுங்க இருக்குது. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன.

போன வாரம் எங்க சங்கத் தலைவரு கேட்டுட்டாரு. என்ன நாச்சிமுத்து, தோட்டம் சேறாக் கெடக்குது, தண்ணி ரோட்டுல ஓடுது, அந்தம்மாவைக் கூப்பிடுங்க, நானே என்னன்னு கேக்கறேன்னு. நான் வேண்டாம், நான் பாத்துக்கறேன்னு சமாளிச்சு உட்டேன். அவரு கேட்டு, அவ வாயைத் தொறந்துட்டான்னு வெச்சுக்கோங்க. அப்பறம் இந்தக் கேம்பஸ்ல நான் நடக்க முடியுங்களா? குரூப்புல கட்டை விரலைத் தூக்குன நூத்தி எம்பது பேரும் எனக்குத் தெரியாது, எல்லாம் நாச்சிமுத்து பண்ணுனதும்பாங்க. அதனாலதான் அவரு ஊருக்குப் போயிருக்கற இந்த ரெண்டு நாளைக்குள்ள முடிச்சுரலாம்னு உங்களைக் கூப்பிட்டேன்.

நாளைக்குச் சாயங்காலம் நீங்களே அவகிட்டச் சொல்லிப்போடுங்க. நான் இருக்க மாட்டேன், பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணம். அபார்ட்மெண்ட்ல ஆளைக் கொறைக்கறாங்கன்னு சொல்லுங்க. ரெண்டு மாசச் சம்பளம் வேணும்னா நான் என்ற கையில இருந்து குடுத்தர்றேன், அதையும் ஏஜென்சி குடுத்ததாச் சொல்லுங்க. அவளுக்கு நல்லது பண்ணோணும்னுதான் எனக்கும் ஆசை.

என்னங்க இது, ஆபீஸ் பாரமா? காரணம்னு ஒரு கட்டம் இருக்குதா. கட்டாயம் எழுதோணுமா? உடம்பு முடியலைன்னு எழுதலாமா? வேண்டாம், அவ நல்லாத்தான் இருக்கறா, நாளைக்கு யாராவது கேட்டாப் பொய்யாயிரும். வயசாச்சுன்னு எழுதவும் முடியாது, நாப்பத்தி ஆறுதான். வேலை செய்யறதில்லைன்னு சொல்ல முடியாது, ஒரு நாள் லீவு போடறதில்லை.

இப்படி எழுதுங்க. "தண்ணீரை வீணாக்குகிறார்." ஆமாங்க, அதுவே போதும். அதுல பொய்யில்லையே. நான் யாருக்கும் பொய் எழுதச் சொன்னதில்லை.

மறுபடியும் தொறந்துட்டாளா? இருக்கட்டும், ஓடட்டும். இப்பப் போனா அவ அங்க நிப்பா. அந்தப் பாரத்தை இங்க குடுங்க, பாக்கறேன். புகார் குடுத்தவர் பேருன்னு இருக்குதே. அங்க தோட்டக் கமிட்டின்னு மட்டும் போட்டுக்கோங்க. கையெழுத்துத் தலைவரு வந்தப்பறம் வாங்கிக்கலாம், அவரு எதையும் படிச்சுப் பாக்கறதில்லை.